ஜன்னலோரத்தில் ஆறு மணி நேரம்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். நலமில்லை என்று எழுதினால் கிளம்பி வந்து என் கட்டிலருகே உட்கார்ந்து அழுவாய். ஆகவே இரண்டையும் விட்டு நேராகச் செய்திக்கு வருகிறேன். போனை இனி எடுப்பதாக இல்லை. போனில் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், நர்ஸ் வந்து என்னை மட்டும் அதட்டுகிறாள். எழுத்தில் எவ்வளவு கத்தினாலும் ஆஸ்பத்திரியில் யாரும் ஆட்சேபிப்பதில்லை.

திங்கட்கிழமை இரண்டாவது முறை மருந்து ஏற்றினார்கள். உடம்பெல்லாம் அரிப்பு. அரிப்பு நல்ல அறிகுறி என்கிறார் டாக்டர். உடம்பின் காவல்காரர்கள் விழித்துக்கொண்டார்களாம். இத்தனை வருஷம் தூங்கியவர்களுக்கு விழித்ததும் சொறியத்தான் தோன்றியிருக்கிறது.

முப்பத்தொரு வருஷம் ஓடும் ரயிலில் நடந்து டிக்கெட் பரிசோதித்த கால் இது. உள்ளங்காலில் கறுப்பாக ஒன்று வந்தபோது ஆணி என்று நினைத்தேன். மருந்துக்கடைக்காரரும் ஆணி என்றார். ஒன்றரை வருஷம் பிளாஸ்திரி ஒட்டினேன். தோல் புற்றுநோய் வெயிலில் அலைகிறவர்களுக்கு வரும் என்று படித்திருக்கிறேன். உள்ளங்காலுக்கு ஏது வெயில்? இப்போது அது தொடை இடுக்குக்கும் நுரையீரலுக்கும் போயிருக்கிறது. டிக்கெட் இல்லாமல் மூன்று பெட்டி தாண்டியிருக்கிறது, பரிசோதகருக்குத் தெரியவில்லை.

நீ சொன்னதால்தான் ஆய்வில் கையெழுத்துப் போட்டேன். மருந்தையும் ஆய்வே தருகிறது. பதிலுக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு குழாய் இரத்தம். செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல அனுப்பும் புரதங்களை அதில் அளப்பீர்கள், மருந்துக்குப் பிறகு எது ஏறுகிறது எது இறங்குகிறது என்று பார்ப்பீர்கள் என்றாய். என் இரத்தம் உன் ஆய்வகத்துக்கே வருகிறது. நீதான் வருவதில்லை.

ஏற்றும் அறையில் ஆறு நாற்காலிகள். என் பக்கத்து நாற்காலி ஒரு தையல்காரிக்கு. என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளுக்கு முதுகில் மச்சமாக ஆரம்பித்ததாம். நர்ஸின் கோட்டில் தோள் தையல் கோணல் என்று ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, “கழட்டிக் குடும்மா, இது சொட்டுச் சொட்டா இறங்கறதுக்குள்ள முடிச்சுடறேன்” என்றாள். ஒரு கையில் ஊசி குத்தியிருக்க மறு கையில் ஊசி கேட்டவளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

உன் மனைவிக்கும் பெண்ணுக்கும் என் அன்பு.

உன்
அக்கா

*

பிப்ரவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துவிடு. நான் எழுதக்கூடாததை எழுதுகிறேன்.

எங்களுக்கு வரும் குழாய்களில் பெயர் இருக்காது. ஆஸ்பத்திரிக்கு, அதாவது மையத்துக்கு, ஒரு எண், பிறந்த வருஷம், இரத்தம் எடுத்த தேதி, அவ்வளவுதான். உங்கள் மையத்தில் உன் வருஷத்தில் பிறந்தவர் ஒருவர்தான். நான் தேடிப் போகவில்லை, கண்ணில் பட்டுவிட்டது.

நாங்கள் அளக்கும் புரதங்களில் இன்டர்லூகின்-எட்டு என்று ஒன்று. கட்டியே அதைச் சுரக்கும். மருந்து வேலை செய்கிறவர்களுக்குச் சில வாரங்களில் அது இறங்கும். இறங்கியவர்கள் நன்றாக இருக்கிறார்கள். ஏறியவர்களைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்கு முதல் இரண்டு மாதிரியிலும் சாதாரணமாகத்தான் இருந்தது. ஜனவரி 26-ஆம் தேதி எடுத்ததில் ஒன்பது மடங்கு.

இரண்டு முறை அளந்து பார்த்தேன். இயந்திரத்தில் தவறில்லை.

வயிற்றுப்போக்கில் நீ பாதியாகிவிட்டாய் என்று எழுதியிருந்தாய். பலன் தராத மருந்துக்காக ஏன் அந்த அவஸ்தை? அம்மாவுக்குக் கடைசி மாதம் நான்தான் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டேன். ஊசி குத்த இடமில்லாமல் பாதத்தில் குத்தினார்கள். அதை உனக்கும் செய்ய மாட்டேன். நிறுத்திவிடு அக்கா. எங்கள் வீட்டுக்கு வா. மாடி அறை உனக்காகக் காலியாக இருக்கிறது.

டாக்டரிடம் காரணம் சொல்லாதே. என் வேலை போய்விடும்.

உன்
தம்பி

*

பிப்ரவரி 14

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான்காவது முறை படித்தபோது நீ எழுதாததைப் படித்தேன். கிழிக்கவில்லை. கிழிக்கச் சொல்லும் கடிதங்களை வைத்துக்கொள்வது என் வழக்கம்.

கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு நாளைக்குப் பதினான்கு முறை கழிப்பறைக்கு ஓடினேன். வயிறு வேகிறது என்றால் மருந்து வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெந்ததெல்லாம் வீண் என்று நீ ஒரு எண்ணில் சொல்லிவிட்டாய். பரீட்சை முடிவை முன்கூட்டிச் சொல்கிற சொந்தக்காரன் எல்லாக் குடும்பத்திலும் ஒருவன் இருப்பான் போல.

நாளை மறுநாள் நான்காவது முறை. போகப் போவதில்லை. டாக்டருக்குப் போன் செய்து சொந்தக் காரணம் என்றேன். “என்னம்மா காரணம்?” என்று கேட்டார். “என்னுடையதுதான் டாக்டர்” என்றேன். அவர் படித்தவர், கோபத்தைக் காட்டாமல், மார்ச் கடைசியில் ஸ்கேனுக்காவது வாருங்கள் என்றார். உன் மாடி அறைக்கு வர மாட்டேன். சாகிறவளுக்கு மாடிப்படி எதற்கு?

இன்னொன்று. நேற்று அந்தத் தையல்காரியின் கடைக்குப் போய் இனி வரமாட்டேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். முப்பத்தொரு வருஷம் பொய்யைக் கண்டுபிடித்தவளுக்கு ஒரு பொய் சொல்ல வரவில்லை. உண்மையைச் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டு, “எனக்கும் பாத்துச் சொல்லச் சொல்லுங்கக்கா. தெரிஞ்சுட்டா கல்யாண ஆர்டரை ஒத்துக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணுவேன்” என்றாள். அவளுடைய பிறந்த வருஷத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். இரத்தம் எடுத்த தேதி என்னுடையதேதான். எனக்குச் செய்த பாவத்தை அவளுக்கும் செய்துவிடு. ஒன்றானாலும் இரண்டானாலும் உனக்குப் போவது அதே வேலைதான்.

அக்கா

*

பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

இதுதான் கடைசி. இனி யாருக்கும் பார்க்கச் சொல்லாதே.

அந்தத் தையல்காரிக்கும் ஏறித்தான் இருக்கிறது. ஏழு மடங்கு.

ஆர்டரை ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிடு. பக்குவமாகச் சொல்.

உன்
தம்பி

*

ஏப்ரல் 4

தம்பிக்கு,

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைத் தன் திரையில் போட்டு, பேனாவால் சுட்டிக் காட்டினார். தொடை இடுக்கில் இருந்த கட்டி பாதியாகிவிட்டது. நுரையீரலில் நான்கு இருந்தன. இரண்டைக் காணோம், மூன்றாவதைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. மூன்று முறை ஏற்றிய மருந்து இவ்வளவு செய்திருக்கிறது. நிறுத்திய பிறகும் இந்த மருந்து பின்னாலிருந்து வேலை செய்யுமாம்.

“இப்படிக் கேக்கற உடம்பை வெச்சுக்கிட்டு ஏம்மா ஓடிப்போனீங்க?” என்றார்.

நான் என்ன சொல்வேன்? என் தம்பி எண் சாத்திரம் பார்ப்பவன் என்றா?

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. சந்தோஷம் வரவில்லை. ஏழு வாரம், தம்பி. ஏழு வாரமாகச் செத்தவளாக வாழ்ந்திருக்கிறேன். புடவைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். பீரோவில் இப்போது இரண்டுதான் இருக்கின்றன, இரண்டும் எனக்குப் பிடிக்காதவை. கேட்டால் தருவார்கள், எப்படிக் கேட்பது? செத்துப்போவேன் என்று சொல்லிக் கொடுத்ததை, சாகவில்லை என்று சொல்லித் திரும்ப வாங்க எந்த முகத்தை வைத்துக்கொள்வது?

நாளை மறுநாளிலிருந்து மருந்தைத் திரும்ப ஆரம்பிக்கிறார்கள்.

ஒரே கேள்விதான் கேட்கிறேன். பொய் சொன்னது அந்தப் புரதமா, நீயா? விளக்கமாக எழுது. எனக்குப் புரியாது என்று சுருக்காதே.

அக்கா

*

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து நானும் என் மனைவியும் அழுதோம். கட்டி சுருங்கியதற்குத்தான். மற்றதற்கு நீ என்ன திட்டினாலும் தகும்.

நான் பொய் சொல்லவில்லை. எண் அதுதான். விதிவிலக்குகள் எப்போதும் உண்டு. ஒரு புரதம் ஏறியும் மருந்து கேட்கும் ஆட்கள் நூற்றுக்குச் சிலர் இருப்பார்கள். நீ அவர்களில் ஒருத்தியாக இருக்கலாம்.

எண் தவறாக வர ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. குழாயில் எடுத்த பிறகும் இரத்தம் உயிரோடுதான் இருக்கும். அதிலுள்ள வெள்ளை அணுக்கள் தாங்கள் உடம்பில் இல்லை என்பது தெரியாமல் புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அதனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் குழாயைச் சுழலும் இயந்திரத்தில் வைத்து, நீரைத் தனியாகப் பிரித்து, உறைய வைக்க வேண்டும். அப்படியே வெளியே கிடந்தால் மற்றப் புரதங்களைவிட இந்த எட்டுதான் தாறுமாறாக ஏறும், அதுவும் வெப்பத்தில் கேட்கவே வேண்டாம். இதை நானே இரண்டு வருஷத்துக்கு முன்னால் சோதித்து, எல்லா மையங்களுக்கும் சுற்றறிக்கை எழுதினேன்.

ஆனால் உன் விஷயத்தில் அது இல்லை. பதிவேட்டைப் பார்த்தேன். எடுத்ததிலிருந்து சுழற்றும் வரை முப்பது நிமிடம் என்று உங்கள் மையம் எழுதியிருக்கிறது. உங்கள் மையம் அதில் மிக ஒழுங்கு. எல்லோருக்குமே முப்பது நிமிடம்.

உன்
தம்பி

*

ஏப்ரல் 18

தம்பிக்கு,

எல்லோருக்குமே முப்பது நிமிடம். இதைப் படித்ததும் உனக்குச் சிரிப்பு வரவில்லையா? ஒரு பெட்டி முழுக்க எல்லோரும் ஒரே நிலையத்தில் ஏறினோம் என்று சொன்னால், நான் முதலில் கதவைச் சாத்துவேன்.

நேரத்தைக் குறிப்பது என் தொழில் வியாதி. நோட்டில் இருக்கிறது. ஜனவரி 26: எனக்கு இரத்தம் எடுத்தது காலை 10.05. தையல்காரிக்கு 10.15. குழாய்களை மரச்சட்டத்தில் செருகி ஜன்னல் மேடையில் வைத்தார்கள். மத்தியானம் வெயில் அங்கே விழுந்தது. தையல்காரி பார்த்துவிட்டு, “நம்ம ரெண்டு பேரும் அங்க வெயில் காயறோம் பாருங்கக்கா” என்றாள். நான் சிரித்தேன். கிளம்பியபோது மணி 4.20. ஆறு பேருடைய குழாய்களும் அங்கேயேதான் இருந்தன.

நேற்று நர்ஸிடம் கேட்டேன். பாவம், நல்ல பெண். சுழலும் இயந்திரம் ஜனவரி நடுவிலிருந்து நான்கு வாரம் பழுதாம். சாயங்காலம் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய்ச் சுழற்றி வருவாளாம்.

“அப்ப முப்பது நிமிஷம்னு ஏம்மா எழுதினே?”

“அறுபதுக்கு மேல போட்டா கம்ப்யூட்டர்ல கட்டம் சிவப்பா ஆயிடுதும்மா. சிவப்பு வந்தா மேலிடத்திலேர்ந்து போன் வரும். போன் வந்தா இயந்திரத்தைச் சரி பண்ணுவாங்களா? என்னைத்தான் சரி பண்ணுவாங்க.”

உன் சுற்றறிக்கையைக் கேட்டேன். சுவரில் ஒட்டியிருக்கிறது. அதன்மேல் நாள்காட்டி தொங்குகிறது.

ஆக, நீ அளந்தது என் உடம்பை அல்ல, ஒரு ஜன்னலை. அந்த ஜன்னலை நம்பி நான் மருந்தை விட்டேன், நான் போய்ச் சொல்லி அந்தத் தையல்காரியும் மார்ச்சில் விட்டாள். அவள் ஸ்கேனுக்குக் கூட வரவில்லை. போனை எடுப்பதில்லை.

உன் ஆய்வகத் தலைவரிடம் போ. முழுவதையும் சொல்: அந்த நான்கு வாரத்துக் குழாய்கள், நீ என் எண்ணைப் பார்த்தது, எழுதியது, அவளுடையதைப் பார்த்தது. நான் கேட்டதால்தான் அவளுடையதைப் பார்த்தாய், அதையும் சொல். பத்து நாள் தருகிறேன். நீயாகச் சொன்னால் ஒரு மாதிரி, நான் சொன்னால் வேறு மாதிரி.

அக்கா

*

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னது சரி. கீழ்த்தளத்துப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நான்கு வாரத்தில் இருபத்து மூன்று மாதிரிகள்.

கொஞ்சம் நிதானமாகக் கேள். எங்கள் கட்டுரை பத்திரிகைக்குப் போய்விட்டது. இருபத்து மூன்றையும் எடுத்தால் உங்கள் மையமே கணக்கில் நிற்காது. மையம் போனால் முடிவு போகும். முடிவு போனால் இங்கே ஒன்பது பேருக்கு அடுத்த வருஷம் வேலையில்லை. என் பெண் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள்.

ஆனால் உனக்காக ஒன்று செய்துவிட்டேன். உன் மூன்றாவது மாதிரியை மட்டும் நீக்கிவிட்டேன். மிகவும் விலகி நிற்கும் எண் ஒன்றை நீக்க விதியிலேயே இடமிருக்கிறது, யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். இப்போது தாளில் நீ சரியாக இருக்கிறாய். உடம்பிலும் சரியாகிவிட்டாய். அதுதானே முக்கியம்?

நான் எழுதிய கடிதங்களை எரித்துவிடு. ஒன்றையும் நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று உனக்குத் தெரியும். அம்மா இருந்திருந்தால் இதை வெளியில் சொல்லச் சொல்லியிருப்பாளா?

உன்
தம்பி

*

மே 9

தம்பிக்கு,

உன் கடிதத்தில் இரண்டு பக்கம் இருக்கிறது. கட்டுரை இருக்கிறது, ஒன்பது பேருடைய வேலை இருக்கிறது, உன் பெண்ணின் கல்லூரி இருக்கிறது, செத்துப்போன அம்மா கூட வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போகிறாள். தையல்காரி இல்லை. முதலில் ஒரு பக்கம் தவறிவிட்டதோ என்று உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன்.

என் எண்ணை மட்டும் நீக்கினாய். அக்காவைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, மீதி இருபத்திரண்டு பேரை அந்த ஜன்னலிலேயே விட்டுவிட்டாய். நாளைக்கு வேறு ஊரில் வேறு டாக்டர் உன் கட்டுரையைப் படித்துவிட்டு, எட்டு ஏறியவளிடம் இனி பயனில்லை என்று பக்குவமாகச் சொல்வார். அவளுக்கு ஆய்வகத்தில் தம்பி இருக்க மாட்டான். இருந்தாலும் என்ன கிழித்துவிடப் போகிறான்?

திங்கட்கிழமை உன் நான்கு கடிதங்களையும் என் நோட்டையும் டாக்டரிடம் கொடுத்தேன். நான் உனக்கு எழுதியதில் என்னென்ன இருந்தது என்றும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தார். “இதை நீங்க குடுக்காம இருந்திருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்” என்றார். நல்ல மனிதர், மனதில் பட்டதைச் சொன்னார். பிறகு அன்றைக்கே ஆய்வைக் கண்காணிக்கும் கமிட்டிக்கு எழுதினார். முடிவு வரும்வரை என்னை ஆய்விலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். ஆய்வு நின்றால் மருந்தும் நிற்கும். தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்டேன். பாடுபட்டுப் பார்க்கிறேன் என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது. அதை உனக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அன்று மாலையே தையல்காரியின் கடைக்குப் போனேன். கடை திறந்திருந்தது. உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒரு பக்கம் எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்தது; துணியைச் சுற்றி மறைத்திருந்தாள், தையல்காரி ஆனதால் நன்றாகவே மறைத்திருந்தாள். நான் ஜன்னலைப் பற்றிச் சொன்னேன். நிறுத்தாமல் தைத்தபடி கேட்டாள்.

“அப்ப அது என் நம்பர் இல்லையா?”

இல்லை என்றேன்.

“இது உங்களுக்கு எப்பக்கா தெரியும்?”

நான் ஏமாற்றியிருக்கலாம். “ஏப்ரல் நடுவுல” என்றேன்.

“இது மே மாசம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மூன்று வாரம், தம்பி. போனை எடுக்கவில்லை என்று உனக்கு எழுதினேனே, அவள் கடை என் வீட்டிலிருந்து இரண்டு தெரு. நடந்து போயிருக்கலாம். உனக்குப் பத்து நாள் கொடுத்தேன், பிறகு உன் பதில் வரட்டும் என்று காத்தேன், வந்த பிறகு கோபப்பட ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். என் தம்பிக்கு மானமாக ஒப்புக்கொள்ள அவகாசம் வேண்டும் என்று நினைத்தேன். அந்த அவகாசம் என்னுடையது அல்ல. அவளுடையதை எடுத்து உனக்குக் கொடுத்திருக்கிறேன். உன்னைத் திட்ட ஆரம்பித்த கடிதத்தில் இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஈரலில் புதிதாக இரண்டு. மருந்தைத் தொடர்ந்திருந்தால் வந்திருக்காதா என்று டாக்டரைக் கேட்டேன். தெரியாது என்றார். அவளுக்கு மருந்து கேட்டிருக்கலாம், கேட்காமலும் போயிருக்கலாம். இனி யாராலும் அளக்க முடியாது. வேறு மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னோடு பேசவில்லை. எழுந்து போகவும் சொல்லவில்லை.

உன்னை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். வீட்டில் அதற்குள் நீயே சொல்லிவிடு. உன் மனைவி அடுத்தவர் வாயால் கேட்கக்கூடாது. எனக்குக் கடிதம் எழுதாதே, வராதே. என் கட்டிலருகே அழுவதற்கு நானே இருக்கிறேன்.

நீ எழுத வேண்டியது அவளுக்கு. முகவரியைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன். அவளுடைய எண்ணை நீ பார்த்ததை, அது தவறு என்பதை, அது தெரிந்தும் அவளைத் தாளில் அப்படியே விட்டதை எழுது. புது மருந்தில் அவளுக்குத் தலை சுற்றுகிறது, நெடுநேரம் படிக்க முடிவதில்லை. ஆகவே காரணங்களை விட்டுவிட்டு எழுது. கடிதம் சின்னதாகத்தான் வரும்.

அக்கா